நிர்வாக இயக்குநர் வெளியே தெரிய வேண்டும், அவர் வீடு தெரியக் கூடாது: இரண்டும் சேர்ந்து நடக்குமா?

கேள்வியின் சுருக்கம் இது. பங்குச்சந்தையில் பட்டியலான சென்னை நிறுவனம் ஒன்றில் அடுத்த காலாண்டில் நிர்வாக இயக்குநராகப் பொறுப்பேற்கப் போகிறவர் கேட்டிருக்கிறார். லிங்க்ட்இன்னில் எழுதுங்கள், பேட்டி கொடுங்கள், முகம் தெரியட்டும் என்கிறது இயக்குநர் குழு. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், வயதான பெற்றோர் ஆகிய யாரும் இணையத்தில் வரக் கூடாது என்பது அவர் விருப்பம். இதற்காக அமர்த்திய விளம்பர ஏஜென்சியோ, "மனிதப் பக்கத்தைக் காட்டாவிட்டால் எடுபடாது சார்" என்று குடும்பப் படங்களைக் கேட்கிறது.

குடும்பப் படம் இல்லாமல் தாராளமாக எடுபடும். குடும்பப் படம் போட்டால் லைக் கூடும் என்பது உண்மைதான். அந்த லைக்கைப் போடுகிறவர்கள் யார் என்று பாருங்கள்: கல்லூரி நண்பர்கள், பழைய சகாக்கள், உறவுக்காரர்கள், நாளை உங்களிடம் வேலை கேட்கப் போகிறவர்கள். நீங்கள் எட்ட வேண்டியவர்கள் வேறு ஆட்கள். மியூச்சுவல் ஃபண்டு மேலாளர், பெரிய வாடிக்கையாளரின் கொள்முதல் தலைவர், போட்டி நிறுவனத்தில் இருக்கும் நல்ல பொறியாளர், கடன் தரும் வங்கி. இவருக்குத் தொழில் தெரியுமா, சொன்னதைச் செய்வாரா என்று பார்க்கத்தான் அவர்கள் உங்கள் பக்கத்துக்கு வருகிறார்கள். அந்த இரண்டுக்கும் பிள்ளையின் பிறந்தநாள் கேக் பதில் சொல்லாது.

எழுதத் தொடங்கும் முன், ஏற்கெனவே என்னென்ன வெளியே கிடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலானோர் தவிர்க்கும் வேலை இதுதான். இன்ஸ்டாகிராமைப் பூட்டிவிட்டால் வீடு பத்திரம் என்று நினைப்பார்கள். நம் நாட்டில் வீட்டு முகவரி கசிவது பெரும்பாலும் அரசு ஆவணங்கள் வழியாகத்தான்.

பட்டியலான நிறுவனத்தின் இயக்குநர் என்ற முறையில் சட்டப்படியே வெளியாகும் விவரங்கள் உண்டு. உங்கள் ஊதியமும், அது ஊதிய வரிசையின் நடுவில் நிற்கும் ஊழியரின் ஊதியத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதமும் ஆண்டறிக்கையில் அச்சாகும். உங்களை நியமிக்கும் தீர்மானத்துக்கான அறிவிப்பில் வயது, படிப்பு, பிற இயக்குநர் பதவிகள், மற்ற இயக்குநர்களோடு உறவு இருந்தால் அது, எல்லாம் வரும். நிறுவனத்தைத் தொடங்கிக் கையில் வைத்திருக்கும் புரமோட்டர் குடும்பமாக இருந்தால் மனைவி, அம்மா பெயரும் அவர்களிடம் உள்ள பங்குகளின் எண்ணிக்கையும் காலாண்டுக்கு ஒருமுறை பங்குச்சந்தை இணையதளத்தில் ஏறும். கம்பெனிகள் பதிவாளரிடம் உள்ள ஆவணங்களைக் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 399-ஆம் பிரிவு. இவற்றை மறைக்க முயலாதீர்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்டால் "அது தனிப்பட்ட விஷயம்" என்று சொல்லும் நிர்வாக இயக்குநர், ஆண்டறிக்கையைப் படித்தவர்கள் முன் சிறுத்துப்போவார். "ஆண்டறிக்கையில் இருக்கிறது, பாருங்கள்" என்றால் பேச்சு முடிந்தது.

சரிசெய்யக் கூடிய ஓட்டைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. குடும்ப முதலீட்டுக்காக முன்பு தொடங்கிய சிறு பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு வீட்டையே பதிவு அலுவலகமாகக் கொடுத்திருப்பார்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் பைசா செலவில்லாமல் அந்த முகவரி தெரியும். மனைவி வீட்டிலிருந்து துணிக்கடையோ ஆலோசனைத் தொழிலோ நடத்தி ஜிஎஸ்டி பதிவு எடுத்திருந்தால், அந்த எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தட்டினால் தொழிலின் முதன்மை இடமாக வீடு வந்து நிற்கும். டிரேட்மார்க் விண்ணப்பத்தில் கொடுத்த முகவரியும் அப்படித்தான். இவற்றை ஆடிட்டர் அலுவலகத்துக்கோ கோ-வொர்க்கிங் இடத்துக்கோ முறைப்படி மாற்றலாம். பழைய தாக்கல்களில் பழைய முகவரி இருக்கத்தான் செய்யும். ஆனாலும் முதல் தேடலில் வருவது நின்றுவிடும். வேடிக்கை பார்க்கிறவர்கள் முதல் தேடலோடு போய்விடுவார்கள். தோண்டிப் பார்க்கிறவர்களை எதுவும் தடுக்காது, ஆனால் அவர்கள் சிலர்தான்.

வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது இருக்கும். சர்வே எண் தெரிந்தால் வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறைத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அதில் வாங்கியவர் விற்றவர் பெயர்கள் இருக்கும். இவற்றில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்தச் சர்வே எண்ணைத் தேடும் அளவுக்குத் துப்புக் கொடுக்காமல் இருப்பதுதான் வழி. பால்கனிக் காட்சி, எதிரில் தெரியும் கோயில் கோபுரம், அடுக்குமாடியின் பெயர்ப்பலகை எதுவும் படத்தில் வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு அந்தக் கோபுரம் ஒன்று போதும்.

இந்தச் சோதனைக்கு ஒரு முழுப் பிற்பகல் ஒதுக்குங்கள். பிரவுசரின் மறைநிலை சன்னலில் உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். பிறகு பெயரோடு ஊர், பெயரோடு பழைய கம்பெனி, பெயரோடு மனைவி பெயர். கைபேசி எண்ணை மேற்கோள் குறிக்குள் போட்டு ஒருமுறை, முதலெழுத்தின் வேறு வடிவங்களில் ஒருமுறை. மூன்றாம் பக்கம் வரை பாருங்கள், படங்கள் பகுதியையும் விடாதீர்கள். வருவதை எல்லாம் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: சட்டப்படி இருக்கிறது, கேட்டால் எடுப்பார்கள், நானே போட்டது. மூன்றாவதை அன்று மாலையே எடுத்துவிடலாம். கைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ காட்டும் பக்கங்களைத் தேடல் முடிவிலிருந்து நீக்கக் கோரும் படிவம் கூகுளில் உண்டு. அது தேடலிலிருந்து மட்டுமே எடுக்கும், பக்கம் அங்கேயே இருக்கும். எனவே தளத்துக்காரருக்குத் தனியாக எழுத வேண்டும்.

கைபேசி எண்ணுக்குத் தனி அழுத்தம் தருகிறேன். எண் தெரிந்தால் யுபிஐ செயலியில் வங்கிப் பதிவுப் பெயர் வந்துவிடும், வாட்ஸ்அப்பில் படம் வரும், ட்ரூகாலரில் ஒரு பெயர் வரும். விசிட்டிங் கார்டுக்கும் கருத்தரங்கப் பதிவுக்கும் ஓர் எண், வங்கிக்கும் ஆதாருக்கும் குடும்பத்துக்கும் வேறோர் எண். இரண்டாவதை எந்தச் சமூக ஊடகக் கணக்கிலும் இணைக்காதீர்கள். முதல் எண்ணில் யுபிஐ வைக்காதீர்கள். பிறந்தநாளும் இப்படித்தான். வயது சட்டப்படி வெளியாகும். நாளையும் மாதத்தையும் நீங்களாக அறிவிக்க வேண்டியதில்லை. வங்கி, வருமான வரி ஆவணங்கள் பலவற்றின் கடவுச்சொல்லில் பிறந்த தேதி ஒளிந்திருக்கிறது. 'எங்கள் எம்டிக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று மனிதவளத் துறை ஆண்டுதோறும் போடும் பதிவை நிறுத்தச் சொல்லுங்கள். கையெழுத்தும் அப்படியே: நன்றிக் கடிதத்தை ஸ்கேன் செய்து போடும்போது மையால் போட்ட கையெழுத்து படத்தில் வரக் கூடாது.

அடுத்து எல்லை. மனைவியோடும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடும் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வாயால் பேசிக்கொண்டால் நிற்காது. பேட்டியாளர் கேட்கும் அந்த ஐந்து வினாடியில் யோசித்து எல்லை போட முடியாது. எது எப்போதும் சொல்லலாம், எது பெயரில்லாமல் சொல்லலாம், எது எப்போதும் இல்லை என்று மூன்று பகுதி போதும். முதல் பகுதியில் இரண்டு மூன்று மட்டும் வையுங்கள்: படித்த கல்லூரி, பிடித்த இசை, ஞாயிறு கிரிக்கெட். ஆளைப் பற்றி ஆவலோடு கேட்பவர்களுக்குக் கொடுக்க ஏதாவது வேண்டும். ஒன்றும் கொடுக்காவிட்டால் அவர்களே தேடி எடுப்பார்கள். ரத்தன் டாடா 2019-இல் இன்ஸ்டாகிராமுக்கு வந்தபின் அவர் பக்கத்தில் அதிகம் இடம்பிடித்தவை நாய்கள். லட்சக்கணக்கானோர் அவரை நெருக்கமாக உணர்ந்தார்கள். நாய்க்குப் பள்ளிக்கூடம் கிடையாது, வருங்காலத்தில் வேலை தேடவும் போகாது. நல்ல தேர்வு.

இரண்டாம் பகுதிக்கு நம்மிடமே பழைய விதி ஒன்று இருக்கிறது. சங்க அகப்பாடலில், அதாவது காதல் வாழ்வைப் பாடும் பாட்டில், தலைவன் பெயரையோ தலைவி பெயரையோ சுட்டிச் சொல்லக் கூடாது. பிரிவைச் சொல்லலாம், ஏக்கத்தைச் சொல்லலாம், பரத்தையிடம் போனவனைக் கதவடைத்து நிறுத்தியதைக்கூடச் சொல்லலாம். இன்னார் என்று தெரிந்துவிட்டால் அது அகப்பாட்டு ஆகாது. இதைவிடக் கறாரான, பயன்படுத்த எளிதான அளவுகோல் எந்த ஆலோசகரிடமும் கிடையாது. உணர்வைச் சொல்லுங்கள். பெயர், இடம், நாள் மூன்றையும் விடுங்கள்.

உதாரணமாக ஏஜென்சி இப்படி ஒன்று எழுதித் தரும்: "நேற்று என் மகள் நிலாவின் பள்ளி ஆண்டு விழா. 8-ஆம் வகுப்பு நாடகத்தில் வசனம் மறந்தபோது அவள் தோழி கைகொடுத்தாள். தலைமை என்பது அதுதான் என்று உணர்ந்தேன்." கூடவே சீருடையில் ஒரு படம். பெயர், வகுப்பு, சீருடையிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து பேட்டை, நேற்று என்பதிலிருந்து நிகழ்ச்சி, எல்லாம் மூன்று வரியில் போய்விட்டன. இதையே அகப்பாட்டு விதிப்படி எழுதினால்: "பிள்ளைகள் நாடகம் ஒன்றில் ஒருவர் வசனம் மறந்தார். பக்கத்தில் இருந்தவர் தன் வசனத்தை மாற்றிச் சொல்லி நாடகத்தை நகர்த்தினார். எங்கள் ஆலையில் ஷிப்டு மாறும் 15 நிமிடத்தில் இது நடப்பதில்லை. முந்தைய ஷிப்டில் விட்டுப்போனதை அடுத்தவர் சொல்லிக் காட்டுகிறார், நிரப்புவதில்லை. அதற்காகக் கைமாற்றுப் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தோம்." மகள் காணாமல் போனாள், பதிவு கெட்டிப்பட்டது. வீட்டு விவரத்தை எடுத்த இடத்தில் தொழில் விவரத்தை வைத்ததால்தான் கெட்டிப்பட்டது. வெறுமனே எடுத்துவிட்டால் பதிவு சவசவ என்று ஆகிவிடும். பல தலைவர்களின் பக்கங்கள் வாழ்த்துச் செய்தியும் விருதுப் படமுமாகச் செத்துக் கிடப்பதற்கு அதுவே காரணம்.

காலத்தையும் தள்ளிப் போடலாம். இந்திரா நூயி 2000-இல், பெப்சிகோவின் பிரசிடெண்டாக அறிவிக்கப்படப் போகிறார் என்ற செய்தி கிடைத்த இரவு வீட்டுக்குப் போனபோது, அம்மா பால் வாங்கி வரச் சொன்ன கதை உலகெங்கும் பரவியது. அதை அவர் மேடையில் விரிவாகச் சொன்னது 2014-இல். பதினான்கு ஆண்டு கழிந்த வீட்டுக் கதையால் யாருக்கும் காயமில்லை. நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது வேறு. பிள்ளைகள் விஷயத்தில் நான் சொல்லும் கணக்கு இது: அவர்கள் பதினெட்டு தாண்டி, தாங்களே சரி என்று சொல்லும்வரை பொறுங்கள்.

தனிப்பட்டதை வேண்டுமென்றே சொன்னவர்களும் உண்டு. அப்போது ஆப்பிளின் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த டிம் குக் 2014 அக்டோபரில் தன் பாலீர்ப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தான் தேர்ந்த நேரத்தில், தன் சொற்களில், யாருக்குப் பயன்படும் என்பதைச் சொல்லி எழுதினார். அதன்பின் தன் வாழ்வின் மற்ற அறைகளைத் திறக்கவில்லை. சத்யா நாதெல்லா 2017-இல் பெருமூளை வாதத்தோடு பிறந்த மகனைப் பற்றி எழுதியபோது, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தக் கூடிய தொழில்நுட்பத்தை மைக்ரோசாஃப்ட் ஏன் செய்ய வேண்டும் என்பதோடு அதைக் கட்டினார். இருவரும் ஒரு கதவைத் திறந்தார்கள், காரணத்தோடு திறந்தார்கள். உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் செய்யலாம். லைக் குறைந்த வாரத்துக்கு மருந்தாகச் செய்யக் கூடாது.

இந்தக் கட்டுப்பாட்டுக்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றி நக்கீரன் இதழ் தொடுத்த ராஜகோபால் வழக்கில் 1994-இல் உச்சநீதிமன்றம் சொன்னது இது: தன் குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி முதலியவற்றின் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமை உண்டு, இசைவின்றி யாரும் அவற்றை வெளியிட முடியாது. ஆனால் பொது ஆவணத்தில் இருப்பதற்கு அந்தக் காப்பு இல்லை. தானாகவே சர்ச்சைக்குள் இறங்குகிறவரின் நிலையும் வேறு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் நேரடி: ஒருவர் தாமே பொதுவில் வைத்த தரவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஐந்து ஆண்டுகள் குடும்பத்தைப் பக்கத்தின் அலங்காரமாக்கிவிட்டு, ஆறாம் ஆண்டில் விவாகரத்துச் செய்தி வரும்போது "எங்கள் தனிமையை மதியுங்கள்" என்று கேட்பவருக்குச் சட்டமும் தயங்கும், வாசகரும் சிரிப்பார்.

இப்போது புறம். லிங்க்ட்இன்னில் தலைப்பு வரிக்கு 220 எழுத்து, அறிமுகப் பகுதிக்கு 2,600, பதிவுக்கு 3,000 என்று வரம்பு. தமிழில் உயிர்மெய்க் குறிகளும் எண்ணப்படும், அதனால் நினைத்ததைவிடச் சீக்கிரம் முடியும். பதிவில் முதல் இரண்டு மூன்று வரிதான் விரிக்காமல் தெரியும். விஷயத்தை அங்கேயே வையுங்கள். தலைப்பு வரியில் பதவிக்குப் பின் எதைப் பற்றி உங்களிடம் கேட்கலாம் என்பதைப் போடுங்கள். 'அன்புள்ள கணவர், இரு குழந்தைகளின் தந்தை' வேண்டாம். எத்தனை குழந்தைகள் என்பதே ஒரு துப்பு.

மூன்று பொருளைத் தேர்ந்து, குறைந்தது ஓர் ஆண்டு அதிலேயே நில்லுங்கள். உற்பத்தித் துறை என்றால்: தொழிலாளர் பயிற்சி, சிறு சப்ளையர்களுக்குப் பணம் தரும் நாள்கணக்கு, மின்செலவு. மாதம் இரண்டு பதிவு போதும். ஒவ்வொன்றிலும் நிறுவனம் ஏற்கெனவே வெளியிட்ட ஓர் எண், நீங்கள் எடுத்த ஒரு முடிவு, அதில் எது சரிவரவில்லை என்பது. கடைசியதுதான் 'மனிதப் பக்கம்'. ஏஜென்சி குடும்பப் படத்தில் தேடியது அங்கே இருக்கிறது. ஒரு தலைவர் "இந்த இயந்திரத்தை வாங்கியது அவசரம், எட்டு மாதம் சும்மா நின்றது" என்று சொன்னால் அது எந்தக் கேக் படத்தையும்விட நெருக்கமானது.

நீங்களே தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை 20 நிமிடம் பேசிப் பதிவு செய்து கொடுங்கள், எழுதுபவர் அதிலிருந்து எடுக்கட்டும். தவறு நடப்பது இங்கேதான்: பேச்சில் வீட்டுக் கதை வரும், எழுதுபவர் அதையே முதல் வரியாக்குவார். அந்த ஒரு பக்க எல்லைத்தாளை அவரிடமும் கொடுத்துவையுங்கள். கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். வரைவு வரட்டும், பதிவை நீங்களோ உங்கள் உதவியாளரோ ஏற்றட்டும்.

கணக்கின் அமைப்புகளில் சில: இணைப்புகளின் பட்டியலை மற்றவர் பார்ப்பதை நிறுத்துங்கள், மைத்துனரும் தங்கையும் அங்கிருந்துதான் கிடைப்பார்கள். எண், மின்னஞ்சல் வழியாகக் கண்டுபிடிக்கும் வசதியை அணையுங்கள். பிறந்த தேதியை அழித்துவிடுங்கள். மற்றவர் பக்கத்தைப் பார்க்கும்போது பெயர் தெரியாத நிலையில் பாருங்கள். நிர்வாக இயக்குநர் ஒரே வாரத்தில் ஒரு சிறு கம்பெனியின் நான்கு நிறுவனர்களைப் பார்த்திருக்கிறார் என்பதே சந்தையில் ஒரு செய்தி.

அங்கிருந்து, பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் விவகாரத்துக்கு வருவோம். காலாண்டு முடிந்ததிலிருந்து நிதி முடிவு அறிவித்து 48 மணி நேரம் வரை நிறுவனத்தின் உள்வட்டத்தினருக்கும் நெருங்கிய உறவினருக்கும் பங்கு வணிகச் சாளரம் மூடியிருக்கும். அந்த நாள்களில் 'அருமையான காலாண்டு, அணிக்கு நன்றி' என்று எழுதினால் அது பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய, இன்னும் வெளியாகாத தகவலின் வாசனை. 2012 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸின் ரீட் ஹேஸ்டிங்ஸ், ஜூனில் வாடிக்கையாளர் பார்த்த நேரம் 100 கோடி மணி தாண்டியது என்று தன் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு வரி போட்டதற்கு அமெரிக்கப் பங்கு ஒழுங்காணையம் விசாரணையே நடத்தியது. எண் எதுவானாலும் முதலில் பங்குச்சந்தைக்கு, பிறகு உங்கள் பக்கத்துக்கு. வரைவைக் கம்பெனி செகரட்டரி ஒருமுறை பார்க்கட்டும். விமான நிலையச் செல்ஃபி, 'ஒசாகாவில் அருமையான சந்திப்பு' போன்றவையும் அப்படியே. ஊர் திரும்பி, விஷயம் அறிவிக்கப்பட்ட பிறகு போடுங்கள். பாதுகாப்புக்கும் அதே விதிதான்: போய்வந்த இடத்தைச் சொல்லலாம், போகப்போகும் இடத்தைச் சொல்லக் கூடாது.

நீங்கள் இவ்வளவும் செய்தபின் கசிவது உங்களைச் சுற்றி இருப்பவர்களிடமிருந்துதான். 2024 அக்டோபரில் பிரான்சின் லெ மோந்த் நாளேடு, அதிபர்களின் மெய்க்காப்பாளர்கள் ஸ்ட்ராவா செயலியில் பதிந்த ஓட்டப்பயிற்சியை வைத்தே அதிபர்கள் தங்கிய இடங்களைக் காட்டியது. உங்கள் காலை நடைக்கும் அதே செயலிதான். கணக்கைப் பூட்டி, வரைபடத்தையும் மறையுங்கள். டிரைவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் காரும் நம்பர் பிளேட்டும் வரும். அவரைத் திட்டாமல் காரணத்தைச் சொன்னால் புரிந்துகொள்வார். அடுக்குமாடிக் குழுவில் யாரோ பொங்கல் படத்தை ஏற்றுவார்கள். பிள்ளைகளின் கணக்கில் உங்கள் குடும்பப் பெயர் வேண்டாம். பள்ளியில் சேர்க்கும்போது கையெழுத்திடும் புகைப்பட இசைவுப் படிவத்தில் 'இல்லை' என்று குறிக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பலரும் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள்.

நம் ஊருக்கென்று இருக்கும் பெரிய ஓட்டை விசேஷ வீடு. திருமண அழைப்பிதழ் ஒன்றில் மூன்று தலைமுறைப் பெயர், சொந்த ஊர், குலதெய்வம், வீட்டு முகவரி, கைபேசி எண், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் இருக்கும். அது படமாக நூறு குழுக்களுக்குப் போகும். அந்த நேரத்தில் வீடு பூட்டியிருக்கும் என்பதையும் அதுவே சொல்கிறது. பெரியவர்களுக்குக் கையில் கொடுக்க முழுமையான அச்சு அழைப்பிதழ், வாட்ஸ்அப்புக்குப் பெயரும் நாளும் மண்டபமும் மட்டும் உள்ள இன்னொன்று என்று இரண்டு வகை அச்சிடுங்கள். புகைப்படக்காரரின் ஒப்பந்தத்தில், தன் இன்ஸ்டாகிராம், யூடியூப் விளம்பரத்துக்குப் படங்களைப் பயன்படுத்தக் கூடாது என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பத்தாம் நாள் டீசர் வந்துவிடும். இறப்பு அறிவிப்பு விளம்பரத்திலும் வீட்டு முகவரி வேண்டாம், காரியம் நடக்கும் இடம் போதும்.

பேட்டிகளில் ஆபத்தானது யூடியூபின் இரண்டு மணி நேர உரையாடல். முதல் ஒரு மணி நேரம் காவலாக இருப்பீர்கள், பிறகு நண்பரோடு பேசுவதுபோல் ஆகிவிடும். துண்டு வீடியோவாக வெட்டப்படுவது அந்தப் பகுதிதான். முன்கூட்டியே மின்னஞ்சலில் மூன்று கேளுங்கள்: வீட்டில் படப்பிடிப்பு இல்லை, குடும்பக் கேள்வி இல்லை, வெளியிடும் முன் தனிப்பட்ட விவரங்களை நீக்கக் கேட்கும் உரிமை. நாளேடுகள் மூன்றாவதற்கு ஒப்பாது, அது அவர்கள் தொழில் மரபு. யூடியூபர்கள் பெரும்பாலும் ஒப்புவார்கள். மீறிக் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்ல ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்யுங்கள்: "வீட்டில் இருப்பவர்கள் இந்த வேலைக்கு ஒப்புக்கொள்ளவில்லை, நான்தான் ஒப்புக்கொண்டேன். அதனால் அவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. நேர மேலாண்மை பற்றிக் கேட்கிறீர்கள் என்றால், எங்கள் அலுவலகத்தில் ஏழு மணிக்கு மேல் கூட்டம் கிடையாது." மறுப்பு, காரணம், உடனே ஒரு பொருள். வெறும் 'நோ கமெண்ட்ஸ்' என்றால் அதுவே தலைப்பாகும்.

விக்கிப்பீடியாவில் உங்களைப் பற்றிய பக்கம் இருந்தால் நீங்களோ ஏஜென்சியோ நேரடியாகத் திருத்தக் கூடாது. கூலிக்குத் திருத்துபவர் அதை அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அறிவிக்காமல் மாட்டினால் அந்தச் செய்தியே பக்கத்தில் ஏறும். பேச்சுப் பக்கத்தில் இன்னார் என்று சொல்லி, ஆதாரமற்ற குடும்ப விவரத்தை நீக்கவும், முழுப் பிறந்த தேதிக்குப் பதில் ஆண்டை மட்டும் வைக்கவும் கேட்கலாம். வாழும் மனிதர்கள் பற்றிய அவர்களின் கொள்கை உங்களுக்குச் சாதகமானது.

தனிமை முழுதாகச் செல்லாத இடம் உடல்நலம். ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2009 ஜனவரி 5 அன்று தனக்கு ஹார்மோன் கோளாறு என்றார். 14-ஆம் தேதி, நினைத்ததைவிடச் சிக்கலானது என்று சொல்லி மருத்துவ விடுப்பில் போனார். அந்த ஒன்பது நாள் இடைவெளி இன்றும் பேசப்படுகிறது. வாரன் பஃபெட் 2012 ஏப்ரலில் முதல் நிலைப் புராஸ்டேட் புற்றுநோய் என்று பங்குதாரர்களுக்கு ஒரே கடிதத்தில் எழுதினார், சிகிச்சை என்ன, வேலை எப்படி நடக்கும் என்பதும் அதிலேயே இருந்தது. பேச்சு அடங்கிவிட்டது. நிறுவனத்தை நடத்தும் திறனைப் பாதிக்கும் எதையும் இயக்குநர் குழுத் தலைவரிடம் மறைக்காதீர்கள். மருத்துவ விவரத்தில் எவ்வளவு வெளியே போகும் என்பதை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். மனைவியின் நோய், பிள்ளையின் சிக்கல் ஆகியவை அந்தக் கணக்கில் வராது. "குடும்பக் காரணத்துக்காக மூன்று வாரம் விடுப்பு, இன்னார் பொறுப்பில் இருப்பார்" என்பது முழுமையான அறிவிப்பு.

வீடியோவிலும் குரலிலும் அதிகம் தோன்றினால் போலி வீடியோவுக்குக் கச்சாப்பொருளும் அதிகம். 2024 ஏப்ரலில் மும்பைப் பங்குச்சந்தை, தன் நிர்வாக இயக்குநர் பங்குப் பரிந்துரை தருவதுபோல் உலவிய வீடியோ போலி என்று எச்சரிக்க வேண்டி வந்தது. அதே ஆண்டு ஹாங்காங்கில் அரூப் பொறியியல் நிறுவன ஊழியர் ஒருவர், நிதித் தலைவர் வீடியோ கூட்டத்தில் சொல்வதாக நம்பி 20 கோடி ஹாங்காங் டாலரை அனுப்பினார். இதற்காக மேடையைத் தவிர்க்க வேண்டாம். நிதித் துறைக்கு எழுத்தில் ஓர் ஆணை கொடுங்கள்: என் குரலோ முகமோ கேட்டுப் பணம் நகரக் கூடாது, தெரிந்த எண்ணுக்குத் திருப்பி அழைத்து உறுதி செய்த பிறகே நகரும். வீட்டிலும் ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். 'அப்பாவுக்கு விபத்து, உடனே பணம் அனுப்பு' என்று உங்கள் குரலில் அழைப்பு வந்தால் பாட்டி அந்தச் சொல்லைக் கேட்கட்டும். எங்கும் எழுதாத, சமூக ஊடகத்தில் வராத சொல்லாக, செல்லப்பிராணியின் பெயர் அல்லாததாக இருக்கட்டும்.

கணக்கை அலுவலக மின்னஞ்சலில் தொடங்காதீர்கள். பதவி விலகும் நாளில் அந்த மின்னஞ்சல் மூடப்படும், பக்கமும் கூடவே போகும் அல்லது வேறொருவர் கையில் இருக்கும். பணி ஒப்பந்தத்திலேயே மூன்று வரி: பக்கம் உங்களுடையது, நிறுவனப் பெயரில் எடுத்த படங்களும் வீடியோக்களும் நிறுவனத்துடையவை, விலகிய 30 நாளில் நிறுவனத் தளத்திலிருந்து உங்கள் தனிப்பட்ட அறிமுகக் குறிப்பு எடுக்கப்படும். பொறுப்பேற்கும் முன் இதைக் கேட்டால் சட்டத் துறை ஒரே நாளில் சேர்த்துவிடும். விலகும்போது கேட்டால் பேரமாகிவிடும்.